ஸூம் எச்1என்: வானொலி ஊடகவியல் மாணவருக்கு ஏற்ற ஒலிப்பதிவுக் கருவியா?

ஒலிபரப்பு ஊடகவியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் அநேகமாக ஒரு நல்ல போனோடுதான் வருகிறார். பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, நிலையத்துக்கு அனுப்புவது எல்லாமே போனில் முடியும் என்ற காலத்தில் தனியாக ஒரு கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டுமா என்று அவரும் வீட்டாரும் கேட்பது நியாயம். செலவழிக்கலாம் என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு. தொடக்கத்துக்கு உகந்தது ஸூம் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் கையடக்கப் பதிவுக் கருவியான எச்1என். அதற்குப் பின் 2024இல் வந்த எச்1 எசென்ஷியல் பல வகைகளில் முன்னேறிய கருவிதான். ஆனாலும் படிக்கிறவரின் கைக்குப் பழையதே நல்லது. எச்1என்னில் ஒலியளவைக் கையால் திருகி வைக்க வேண்டும். அந்தத் திருகியில் பழகிய காதும் விரலும் பிறகு எந்த ஸ்ரூடியோ மிக்சருக்கும் பயப்படாது.

எச்1என் 2018இல் சந்தைக்கு வந்தது. பற்றரி இல்லாமல் 60 கிராம். தலைப்பகுதியில் இரண்டு ஒலிவாங்கிகள் 90 பாகையில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. 120 டெசிபல் வரை தாங்கும். கோயில் தவிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்காதவரை செய்திப் பணியில் அந்த எல்லை எட்டாது. ஏ.ஏ.ஏ. பற்றரி 2 போட்டால் ஏறக்குறைய 10 மணித்தியாலம் ஓடும். மைக்ரோ எஸ்.டி. கார்ட் 32 ஜி.பி. வரை ஏற்கும். ஹெட்போனுக்கு ஒன்று, வெளி மைக்குக்கு ஒன்று என 3.5 மில்லிமீற்றர் துளைகள் இரண்டு. திரைக்குக் கீழே உள்ள 4 பொத்தான்களில் தானியங்கி ஒலியளவு, லிமிற்றர் (திடீரென உரக்கும் ஒலியைக் கட்டுப்படுத்துவது), லோ கட் (தாழ்ந்த உறுமல் ஒலிகளை வெட்டுவது), பதிவு வடிவம் ஆகியவை நேரடியாகக் கிடைக்கின்றன. அமைச்சர் வாகனத்தில் ஏறப்போகும் நேரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பதிவு வடிவத்தை ஒருமுறை சரியாக வைத்துவிட்டு மறந்துவிடலாம்: வேவ் (ஒலியை நசுக்காத கோப்பு வடிவம்), 48 கிலோஹேட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்), 24 பிட். இதில் ஒரு மணித்தியாலப் பதிவு ஏறக்குறைய 1 ஜி.பி. பிடிக்கும். 32 ஜி.பி. கார்டில் 30 மணித்தியாலத்துக்குக் குறையாமல் இடம் உண்டு. 96 கிலோஹேட்ஸ் இருக்கிறதே என்று அதைத் தெரிவு செய்வதில் பயனில்லை. எப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹேட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலி எதையும் கொண்டுபோவதில்லை, அதற்கு 48 என்ற மாதிரி வீதமே போதும்; கோப்பின் பருமன்தான் இரட்டிக்கும். எம்.பி.3யில் நேரடியாகப் பதிவதும் வேண்டாம். வெட்டி ஒட்டிய பின் மறுபடி எம்.பி.3 ஆக்கி அனுப்பும்போது ஒலி இரண்டாம் முறை நசுக்கப்படும்; ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகள் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கேட்கத் தொடங்கும்.

இனித் திருகி. 0 முதல் 10 வரை எண்ணிட்ட சில்லு அது. செவ்வி தொடங்குமுன் பேசுபவரைச் சும்மா பேசவிட வேண்டும். காலைச் சாப்பாடு, வந்த வழி, எதுவானாலும் சரி. அந்த நேரத்தில் திரையில் ஒலியளவைக் காட்டும் மானியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி திருக வேண்டும். மானியின் மேல் எல்லையான 0 வரை ஏன் ஏற்றக்கூடாது? காணிப் பிரச்சினையைப் பற்றியோ காணாமற்போன மகனைப் பற்றியோ கேள்வி வந்ததும் அதே மனிதரின் குரல் உயரும். அந்த 12 டெசிபல் இடைவெளி அதற்குத்தான். 0ஐத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுவிடும், எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது. மறுபுறம், பயந்து மைனஸ் 30இல் பதிந்தால் பிறகு உயர்த்தும்போது கருவியின் சொந்த இரைச்சல் ‘ஸ்ஸ்’ என்று மேலே வரும். இந்த விலைக் கருவிகளுக்குரிய குறை அது, எச்1என்னிலும் உண்டு. அளவை வைத்த பின் செவ்வி முடியும்வரை திருகியைத் தொடக்கூடாது. நடுவில் திருகினால் பின்னணி ஒலியும் சேர்ந்து ஏறி இறங்கும், வெட்டி இணைத்த இடம் அப்படியே காதில் படும்.

தானியங்கி ஒலியளவை அணைத்தே வைக்க வேண்டும். பேசுபவர் மூச்செடுக்க நிறுத்தும் இரண்டு விநாடியில் அது அளவை ஏற்றி மின்விசிறியையும் கடலையும் முன்னுக்குக் கொண்டுவரும். அவர் மறுபடி பேசியதும் அவற்றை அமுக்கும். அந்த ஏற்ற இறக்கம் பதிவோடு பிணைந்துவிடுவதால் பிறகு பிரிக்க வழியில்லை. லிமிற்றர் மட்டும் இருக்கட்டும், திடீர்ச் சத்தத்துக்கு அது காவல். பதிவு தொடங்கியதும் மின் ஆளியை ‘ஹோல்ட்’ பக்கம் தள்ளிவிடவும். சட்டைப் பையில் பொத்தான் அமுங்கிப் பதிவு நின்றுபோவது புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது, கையில் எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது.

இத்தனைக்கும் மேலாக ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது தூரம். வாயிலிருந்து ஒரு சாண், அதாவது ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். அந்தத் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியும் வீதிச் சத்தமும் குறையாது. மேசைக்கு நடுவில் கருவியை வைத்துவிட்டுப் பேசும் பழக்கம் பத்திரிகைச் செய்தியாளருக்குப் போதும், வானொலிக்கு உதவாது. வாய்க்கு நேரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். நாடிக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் அது தவிரும். கருவியின் உடல் பிளாஸ்ரிக், விரல் அசைந்தால் ‘கரகர’ என்று பதிவில் விழும். பின்புறத்தில் முக்காலித் திருகாணிக்கான துளை உண்டு. சிறிய கைப்பிடி ஒன்றைப் பொருத்தி அதைப் பிடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் நடுவில் பக்கவாட்டில் பிடித்தால் ஒருவர் இடக் காதிலும் மற்றவர் வலக் காதிலும் கேட்பர். எடிற்றிங்கில் மோனோவாக (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) மாற்றினால் சரி.

திருகோணமலையில் இந்தக் கருவிக்கு உண்மையான சோதனை காற்று. வைகாசி தொடங்கிப் பல மாதங்கள் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். பிறகு மாரியில் வாடை. கோணேசர் கோயில் மலையிலோ உட்துறைமுகக் கரையிலோ கிண்ணியாப் பாலத்திலோ வெறும் கருவியை நீட்டினால் கிடைப்பது ‘படபட’ மட்டும்தான். எச்1என்னோடு காற்றுத் தடுப்பு உறை வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். இதை நிறுவனம் செய்த பெரிய குறை என்றே சொல்வேன். கடலோர ஊர்க்காரருக்கு உறை இல்லாத ஒலிவாங்கி பாதிக் கருவி. பஞ்சு உறை அறைக்குள்ளும் விசிறிக்கும் போதும். வெளியே நீள மயிர் கொண்ட உறைதான் வேண்டும். மயிர்கள் காற்றின் வேகத்தை உடைத்து, உள்ளே ஒலிவாங்கியைச் சுற்றி அசையாத காற்றை நிறுத்திவைக்கும். உறை இல்லாத நாளில் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பையே மறைப்பாக்க வேண்டும். சுவர் மூலை, நிறுத்திய பஸ்ஸின் மறைவு, வள்ளத்தின் மறுபக்கம் எல்லாம் உதவும்.

லோ கட் பற்றிப் பலருக்கு மிகையான நம்பிக்கை இருக்கிறது. எச்1என்னில் 80, 120, 160 ஹேட்ஸ் என மூன்று படிகள். அறைக்குள் மின்விசிறி, குளிரூட்டி உறுமல்களுக்கு 80 போதும். வெளியே 120. 160 கடைசி வழி, ஏனென்றால் ஆண் குரலின் அடிச்சுரமே பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது; கனமான குரல் மெலிந்து தகரம்போல் ஒலிக்கும். காற்று பலமாக மோதி ஒலிவாங்கியே தாங்காத நிலையில் எந்தப் படியும் காப்பாற்றாது. இடத்தை மாற்றுவதுதான் வழி.

கடலையும் குரலையும் ஒரே பதிவில் எடுக்க முயல்வதும் ஆரம்பகாலத் தவறு. கரைவலை இழுக்கும் இடத்தில் மீனவரிடம் செவ்வி எடுப்பதானால் முதலில் அவரைச் சற்று உள்ளே தள்ளிக் கூட்டிவந்து, குரலைச் சுத்தமாகப் பதிய வேண்டும். பிறகு தனியாகக் கரைக்குப் போய் அலை, இழுப்பவர்களின் குரல், காகம், வள்ளத்து இயந்திரம் என ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று எடுக்க வேண்டும். ஸ்ரூடியோவில் குரலுக்கு அடியில் இதை மெதுவாக வைக்கலாம், வேண்டிய இடத்தில் ஏற்றலாம். இரண்டும் ஒன்றாகப் பதிந்துவிட்டால் ஒரு வசனத்தை வெட்டும்போது அலையும் நடுவில் வெட்டுப்படும். இந்தப் பின்னணிப் பதிவுகளில் எச்1என் உண்மையாகவே பிரகாசிக்கிறது. அதன் இரட்டை ஒலிவாங்கி தரும் விரிவு இந்த விலைக்கு மிக நன்று. அறைக்குள் எடுக்கும் செவ்விக்கும் இதே விதிதான்: எழுந்து போகுமுன் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி 30 விநாடி வெறும் அறையைப் பதிந்துகொள்ளவும். வெட்டிய இடங்களை மூட அந்த அமைதி வேண்டும்.

மாவட்டச் செயலகத்தில் நடப்பது போன்ற ஊடகச் சந்திப்புகளில் இந்தக் கருவி சுமார்தான். பேச்சாளரின் மேசைமேல் மற்ற மைக்குகளோடு வைக்கலாம்; ஆனால் அங்கிருந்து ஹெட்போனில் கேட்க முடியாது, மேசையைத் தட்டினால் இடிபோல் விழும். கீழே ஒரு மடித்த கைக்குட்டை போட வேண்டும். மண்டபத்து மிக்சரிலிருந்து வயர் தருகிறார்கள் என்று நேரே மைக் துளையில் செருகினால் திருகியைக் குறைத்தாலும் ஒலி சிதறக்கூடும், அங்கே வரும் மின்னளவு மைக் அளவைவிடப் பல மடங்கு பெரியது. அளவைக் குறைக்கும் தடை உள்ள வயர் தேவை. அது இல்லையென்றால் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒன்றரை மீற்றரில் பிடிப்பது பாதுகாப்பு. தொழில்முறையாளர் பாவிக்கும் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். மைக்குகளுக்கு எச்1என்னில் இடமே இல்லை. தொலைக்காட்சிக்குப் போக நினைப்பவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

சட்டைக் கழுத்தில் குத்தும் சிறு மைக் வாங்குபவர்கள் முனையைப் பார்க்கவும். போனுக்கென்று விற்கும் மைக்கின் முனையில் கறுப்பு வளையம் 3 இருக்கும், இந்தக் கருவிக்கு வேண்டியது வளையம் 2 உள்ளது. மாறிப் போட்டால் ஒலி வராது, அல்லது மெலிந்து இரைச்சலோடு வரும். இடையில் ஒரு மாற்றி போட்டால் தீரும். அத்தகைய மைக்குக்கு வேண்டிய சிறு மின்சாரத்தைக் கருவியே கொடுக்கும், மெனுவில் அதை இயக்கிவிட வேண்டும்.

பிராந்தியச் செய்தியாளருக்கு எச்1என்னின் மிகப் பெரிய பலவீனம் அனுப்புவதில்தான். வைஃபை இல்லை, புளூடூத் இல்லை. செய்தி போக வேண்டிய இடமோ பெரும்பாலும் கொழும்பு. மாலைச் செய்திக்கு முன் போக வேண்டிய 20 விநாடிக் குரல் துண்டுக்காகக் கார்டைக் கழற்றி, கார்ட் வாசிப்பானில் போட்டு, போனில் செருகி, வெட்டி, எம்.பி.3 ஆக்கி அனுப்ப வேண்டும். பழகியவருக்கே சில நிமிடம் பிடிக்கும். அனுப்பும்போது மோனோ, 128 கிலோபிட் போதும். ஒரு நிமிடம் 1 எம்.பி.க்குள் அடங்கும். வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி அனுப்புவதைத் தவிர்த்து, கோப்பை ‘ஆவணம்’ என்ற வழியால் இணைக்க வேண்டும். அப்போதுதான் அது மறுபடி நசுக்கப்படாமல் போய்ச் சேரும். இந்த ஒரு விடயத்தில் போன் வெல்கிறது. அதனால் களத்தில் அனுபவமுள்ளவர்கள் இரண்டிலும் பதிவார்கள்: உடனடிச் செய்திக்குப் போன், விவரணத்துக்கு எச்1என்.

ஆனால் போனுக்கு இல்லாத ஒரு தகுதி தனிக் கருவிக்கு உண்டு. போனுக்குள் ஒரு செய்தியாளரின் மூலங்கள் எல்லோருடைய இலக்கங்களும் உரையாடல்களும் இருக்கின்றன. பரிசோதிக்கவென்று யாராவது கேட்டால் கைமாறுவது அத்தனையும். எச்1என்னைக் கொடுத்தால் அந்த நாள் பதிவு மட்டும்தான் போகும். அதேநேரம் இதில் கடவுச்சொல்லோ பூட்டோ கிடையாது, கார்டை எடுப்பவர் எவரும் கேட்கலாம். ஆகவே பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரைப் பதிவின் தொடக்கத்தில் சொல்லக்கூடாது, வீடு வந்ததும் பிரதி எடுத்துவிட்டுக் கார்டைக் கருவியிலேயே ஃபோமற் செய்ய வேண்டும்.

வீட்டில் பிரதி எடுத்துவைத்த அந்த வெட்டாத மூலப் பதிவை மட்டும் ஒருபோதும் அழிக்கக் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்து இறந்தார்கள் என்று அதிகாரத் தரப்பில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்கள் உடலில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஊரில் செய்தி படிக்க வருகிற ஒவ்வொரு மாணவரும் அந்தப் பெயரைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பதிவு எப்போது சாட்சியமாகும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது என்பதையும். ஒலிப்பதிவுக்கும் இது பொருந்தும். எச்1என் வேவ் கோப்புக்குள் திகதியையும் நேரத்தையும் எழுதிவைக்கிறது, ஆனால் பற்றரி இல்லாமல் நெடுநாள் கிடந்தால் கடிகாரம் அழிந்துவிடும். ஒவ்வொரு களப் பயணத்துக்கும் முன் திகதியைச் சரிபார்ப்பது பற்றரி பார்ப்பதைப் போலவே கட்டாயம். வெட்டிய பிரதிக்கு வேறு பெயர் கொடுத்து, மூலத்தை இரண்டு இடங்களில் வைக்கவும்.

கற்பிக்கிறவர்களுக்கு இந்தக் கருவி ஏன் பிடிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிலாவெளி, கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இங்கேயானாலும் யாழ்ப்பாணத்திலானாலும் ஒலிபரப்பைப் படிப்பிக்கும் விரிவுரையாளர் முகம்கொடுப்பது ஒரே சிக்கலுக்கு: மாணவர் தொகை பெரிது, ஸ்ரூடியோ நேரம் சிறிது. தலைக்கு ஒரு கருவி கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். மூவருக்கு ஒன்று போதும், அதுவே நல்லது. ஒருவர் கேள்வி கேட்பார். ஒருவர் மூடிய வகை ஹெட்போன் போட்டுத் திருகியைப் பார்த்துக்கொள்வார். மூன்றாமவர் திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன சொல்லப்பட்டது என்று கொப்பியில் எழுதுவார். பிறகு மூவரும் இடம் மாறுவார்கள். ஹெட்போன் போட்டவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார். கேள்வி கேட்பவர் பதிலின் பொருளை மட்டும் கேட்கிறார். இவரோ தூரத்து ஓட்டோவையும் கதிரைக் கிரீச்சையும் பேசுபவரின் வறண்ட தொண்டையையும் சேர்த்துக் கேட்கிறார்.

முதல் பயிற்சிக்கு ஒரே குரல், ஒரே வசனம், மூன்று தூரம்: ஒரு சாண், ஒரு முழம், மேசைக்கு அப்பால். அளவைத் திருகி மூன்றையும் மானியில் ஒன்றாக்கிப் பதிந்து, அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும். மானியில் சமமாக நிற்கும் மூன்றும் காதில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கேட்ட பிறகு தூரம் பற்றி விரிவுரை தேவைப்படாது. அடுத்தது, பதிவை 6 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லி அதிலிருந்து 20 விநாடித் துண்டு ஒன்றை எடுக்க வைப்பது. நாடா இருந்த காலத்தில் சுருள் தீர்ந்துவிடும் என்ற கவலையே செய்தியாளரை யோசித்துக் கேட்க வைத்தது. கார்டில் 30 மணித்தியாலம் இருக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டை ஆசிரியர்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் 40 நிமிடம் பதிந்துவிட்டு, எந்தப் பதில் செய்தி என்று தெரியாமல் கணினிக்கு முன் இரவு முழுக்க இருப்பார்கள். எடிற்றிங்குக்கு இலவச மென்பொருளான ஒடாசிற்றி தாராளம்.

மதிப்பெண் கொடுக்கும்போது இறுதி நிகழ்ச்சியோடு மூலப் பதிவையும் வாங்கிக் கேட்க வேண்டும். வெட்டிய துண்டு பேசியவரின் கருத்தைத் திரித்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். “ஆனால்” என்பதற்கு முன்பு வெட்டி நிறுத்துவது ஒலிபரப்பில் மிக இலகுவாகச் செய்யக்கூடிய அநியாயம். முதலாம் ஆண்டிலேயே அதைப் பிடித்துத் திருத்தாவிட்டால் தொழிலுக்குப் போன பிறகு திருத்த ஆளில்லை.

எச்1 எசென்ஷியல் இங்கேதான் வேறுபடுகிறது. 32 பிட் ஃப்ளோற் என்ற முறையில் பதிவதால் அதற்குத் திருகியே கிடையாது. கிசுகிசுப்பும் கூச்சலும் ஒரே கோப்பில் பாதுகாப்பாக விழும், பிறகு அளவைச் சரிசெய்யலாம். யூ.எஸ்.பி. சி துளை, பெரிய கொள்ளளவுக் கார்ட், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் குரல் வழிகாட்டல் எல்லாம் உண்டு. பார்வையற்ற மாணவருக்கு யோசிக்காமல் இதையே வாங்கிக் கொடுக்க வேண்டும். தனியாளாகக் களத்துக்குப் போய், கூட்டத்துக்குள் கையை நீட்டிப் பதியும் செய்தியாளருக்கும் இதுவே உகந்தது. ஆயினும் தூரம், காற்று, எதிரொலி மூன்றையும் அது திருத்தாது. 120 டெசிபலுக்கு மேல் அதன் ஒலிவாங்கியும் சிதறும். கோப்பு பெரிது, 48 கிலோஹேட்ஸ் ஸ்ரீரியோவில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜி.பி. எம்.பி.3 பதிவு இல்லை. சில போன் செயலிகள் 32 பிட் கோப்பைத் திறக்காது, மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வாங்கிய பின் உப்புக் காற்றைக் கவனிக்கவும். பயன்படுத்தாத நாட்களில் பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டும்; கசிந்தால் தகடு பச்சை பூக்கும், அதோடு கருவி முடிந்தது. கடற்கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதி போட்ட டப்பாவில் மூடி வைக்கவும். மறுஊட்டப் பற்றரி போட்டால் மெனுவில் பற்றரி வகையை மாற்ற வேண்டும், இல்லையேல் மீதி காட்டும் கோடு பொய் சொல்லும்.

பாவித்த கருவி வாங்குவதானால் ஹெட்போனும் புதுப் பற்றரியும் கொண்டு போகவும். திருகியை மெதுவாக 0 முதல் 10 வரை சுழற்றும்போது ‘கரகர’ கேட்டால் உள்ளே தூசி. இரண்டு ஒலிவாங்கிகளுக்கு முன்பும் விரல் சொடுக்கி இடமும் வலமும் சமமாக வருகிறதா பார்க்கவும். மைக்ரோ யூ.எஸ்.பி. துளைக்குள் வயரை மெதுவாக ஆட்டி, தொடர்பு அறுகிறதா பார்க்கவும். கார்டை எப்போதும் புதிதாக, நம்பிக்கையான கடையில் வாங்குவது நல்லது. 32 ஜி.பி. என்று எழுதி 4 ஜி.பி. மட்டும் கொள்ளும் போலிக் கார்டுகள் புழக்கத்தில் உண்டு. முதல் செவ்விக்கு முன் ஒருமுறை கார்ட் நிறையும்வரை வெறுமனே பதிய விட்டு, கடைசிக் கோப்பும் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கவும்.